ஆற்றில் விட்ட சேலை அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆடி அமாவாசைக்கு முன்னால் சொல்லியாக வேண்டியது. படித்துவிட்டு எங்களைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. ஆனால் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

போன மாதம் ஆற்றங்கரையில் படகு வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருத்தர் நம் ஆலயத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஓரமாக நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் கறுத்துப்போன துணிச்சுருள். படகு மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டதை அறுத்து அறுத்து எடுத்தாராம். வேட்டி, சேலை, துண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மாலை. "கிப்பாஸ் ரோசாக், டேக்" என்றார். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை என்றார். "உங்க சடங்கை நான் குறை சொல்லல. ஆனா என் பிழைப்பும் இந்த ஆத்துலதான்" என்று மலாயில் சொல்லிவிட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தியிருப்போம். "எங்க மதத்தைப் பத்திப் பேசாதே" என்று ஒரு வாட்சப் செய்தியும் சுற்றியிருக்கும். அவர் மெதுவாகப் பேசினார். அதனால் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

அடுத்த சனிக்கிழமை தொண்டர்கள் பதினாலு பேர் கோத்தா கோலா மூடா முகத்துவாரத்துக்குப் போனோம். தண்ணீர் வற்றியிருந்த நேரம். பாக்காவ் வேர்களுக்கு நடுவே இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் பதினேழு மூட்டை. கண்ணாடி உடைந்த சாமி படச் சட்டங்கள், பன்னீர் போத்தல், நல்லெண்ணெய் போத்தல், கற்பூர டப்பா, ஊதுபத்தி உறை, பித்தளை மாதிரி சாயம் பூசிய பிளாஸ்டிக் செம்பு, வெள்ளை போலிஸ்டிரின் டப்பா. எல்லாமே வெளியாட்கள் போட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சாமி படத்தை யார் போட்டிருப்பார்கள்?

துணிகள்தான் அதிகம். எங்களில் மூத்தவர் ஒருத்தர், இருபது வருஷமாக அன்னதானத்தில் கரண்டி பிடிப்பவர், வேரில் சிக்கிய ஒரு சேலையை இழுத்தார். பச்சை உடம்பு, கடுகு மஞ்சள் கரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது அம்மாது" என்றார.

நாலு மாதத்துக்கு முன்னால், பதினாறாம் நாள் காரியத்தன்று, அவர் கையாலேயே ஆற்றில் விட்ட சேலை. தீபாவளிக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. சாயம்கூடப் போகவில்லை. மனுஷன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "அம்மாவுக்குப் போய்ச் சேரும்னுதானே விட்டேன்?"

பேர் போடாமல் இதை எழுதலாம் என்று அவர்தான் சொன்னார். அவருக்காகவும் நமக்காகவும் எழுதுகிறோம்.

சொல்ல வருவது ஒன்றுதான். நாம் தண்ணீரிலும் காட்டிலும் விட்டுவிட்டு வருவது சாமிக்கும் போகவில்லை, முன்னோர்களுக்கும் போகவில்லை. இன்னொருத்தர் கரைக்குப் போகிறது. காணிக்கை என்று பேர் வைத்தால் குப்பை காணிக்கை ஆகிவிடாது.

"பெரியவங்க செஞ்ச முறை, நாம எப்படி மாத்துறது?" என்று உடனே கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதையே நாங்களும் கேட்கிறோம். பெரியவங்க செஞ்ச முறை எது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால் தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, வாழைமரம். சாப்பாடு வாழை இலையில், இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோன மங்குத் தட்டில். மோரும் பானகமும் அண்டாவில், குடிக்க ஒரு குவளை. மறுநாள் இலையை மாடு தின்னும், தோரணம் மண்ணோடு போகும். காரியம் செய்தாலும் அப்படித்தான்: மண் சட்டி, பருத்தித் துணி, பூ, எள், அரிசி. தண்ணீரில் விட்டால் கரைந்துவிடும், கரையாதது மக்கிவிடும். "கரைத்தல்" என்று பேர் வந்ததே அதனால்தான்.

இன்றைக்கு நாம் விடுகிற சேலை எதில் நெய்தது தெரியுமா? பெரும்பாலும் பாலியஸ்டர். மினரல் தண்ணீர் போத்தல் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்தான், நூலாக இழுத்து நெய்தது. அது கரையாது. நம் பேரப்பிள்ளை காலத்திலும் வேரில் தொங்கிக்கொண்டிருக்கும். பொருள் மாறிப்போச்சு, நாம் மட்டும் பழைய சடங்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முறையை மாற்றியது நாம்தான். பழைய முறைக்குத் திரும்புங்க என்றுதான் கேட்கிறோம்.

சாஸ்திரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்க. தர்ப்பணத்துக்கு வேண்டியது எள்ளும் தண்ணியும். துணிக்கு ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பேர் வஸ்திர தானம். தானம் என்றால் ஓர் ஆளுக்குக் கொடுப்பது. அம்மா கட்டிய நல்ல சேலையை இல்லாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அது தானம். படகு விசிறிக்குக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்?

சபரிமலைக்கு மாலை போடும் அண்ணன்மார் நம் ஆலயத்திலும் இருக்கிறார்கள். பம்பையில் துணியை விட்டுவிட்டு வருவதைப் பெரிய ஆசாரம் என்று பலர் நினைத்தார்கள். அது ஆசாரமே இல்லை என்று அங்குள்ளவர்களே சொல்லிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றமும் அதைத் தடுத்தது. சபரிமலை இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள். இருமுடியில் பிளாஸ்டிக் வரக் கூடாது என்றும் அந்த நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2024-ல் சபரிமலைத் தந்திரியே கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் இதெல்லாம் இருமுடியில் வேண்டாம், வீணாகத்தான் போகிறது என்று சொன்னார். 2011-ல் தொடங்கிய "புண்யம் பூங்காவனம்" என்ற திட்டத்தில் மலை ஏறும் சாமிமாரே குப்பையைப் பொறுக்கினார்கள். மாலை போட்டு, விரதம் இருந்து, கட்டு சுமந்து, கையில் குப்பைப் பையோடு. அவர்கள் பக்தி குறைந்துபோச்சா?

திருநெல்வேலிப் பக்கம் பாபநாசத்திலும் இதே கதைதான். பரிகாரம் என்று தாமிரபரணியில் துணியை விடுகிறார்கள். தொண்டர்கள் ஆற்றில் இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாவத்தைக் கழிக்க வந்த இடத்தில் ஆற்றுக்கு ஒரு பாவம்.

நம் கரைக்கு வருவோம். இந்தக் கரை சாதாரணக் கரை இல்லை. 2004 டிசம்பர் 26 நினைவிருக்கா? அன்றைக்குச் சுனாமி வந்து அடித்தது நம் கோத்தா கோலா மூடாவைத்தான். மலேசியாவில் 68 பேர் போனார்கள், அதில் நம் கெடாக்காரர்களும் உண்டு. உடைந்த படகுகளை அடுக்கி வைத்த நினைவுச் சின்னத்தைப் பார்க்க இன்றைக்கும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். நாமும் விருந்தாளி வந்தால் கூட்டிப்போய் படம் எடுக்கிறோம்.

அதே அலை தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தையும் அடித்தது. அங்கே ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் மறைத்து நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். அலையாத்தி என்பது வேறொன்றும் இல்லை, நம்ம பாக்காவ் காடுதான். பேரிலேயே இருக்கிறது பாருங்க, அலையை ஆற்றுகிற மரம். சுனாமிக்குப் பிறகு நம் அரசாங்கமும் கரையோரமெல்லாம் பாக்காவ் கன்று நட ஆரம்பித்தது.

அந்த மரத்துக்கு மூச்சு வேர் வழியாகத்தான். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் அப்பி-அப்பி மரம் பென்சில் மாதிரி வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. பாக்காவ் மரம் முட்டுக்கொடுத்த வேர்களில் மூச்சு விடுகிறது. அந்த வேர்மேல் ஒரு பாலியஸ்டர் சேலை போர்த்திக் கிடந்தால், மேலே சேறு படிந்தால், மரத்தின் மூக்கைப் பொத்தின மாதிரி. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அந்த வேருக்குள்தான். மெர்போக் ஆற்றில் பிடிக்கிற நண்டு நம் வீட்டுக் குழம்புக்குத்தான் வருகிறது. தஞ்சோங் டாவாய் நெத்திலி நம் சம்பாலுக்குத்தான் வருகிறது. நாளைக்கு ஓர் அலை வந்தால் நமக்கும் அந்தப் பெரியவருக்கும் குறுக்கே நிற்கப் போவது இந்த மரம்தான். அதன் கழுத்தில் நம் துணியை மாட்டிவிட்டு, கோயிலில் போய் "தாயே காப்பாத்து" என்று கும்பிடுகிறோம். தாயும் என்னதான் செய்வாள்?

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013-ல் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி 11 இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். நியாயமான கோபம். 2018-ல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், வெளிநாட்டுக் குப்பை மலேசியாவில் வந்து குவிந்தது. சுங்கைப்பட்டாணி மக்கள் புகையில் மூச்சு முட்டிப் புகார் கொடுத்தார்கள். "வெள்ளைக்காரன் குப்பைக்கு நம்ம ஊரு குப்பைத்தொட்டியா?" என்று நாமும் கேட்டோம். அதுவும் நியாயம். அப்படியென்றால் அந்த மலாய்க்காரப் பெரியவர் நம்மைக் கேட்டால்? "உங்க ஆலயத்துக் குப்பைக்கு என் ஆறு குப்பைத்தொட்டியா?" என்று அவர் கேட்கவில்லை. அது அவர் பெருந்தன்மை. பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய கதையை மேடை போட்டுப் பேசுகிறோம். பேசுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடாரத்துக் கரையில் ஒரு பர்லாங்கு தூரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதவனுக்குக் கடாரப் பெருமை எதற்கு?

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம். மற்றவர்களை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை.

போன வருஷ ஆலய யாத்திரையை நினைத்துப் பாருங்க. ஒரு பஸ் பேசியிருந்தோம். பாதி இருக்கை காலி. பின்னாலேயே பத்துப் பதினோரு கார். ஒரு காரில் இரண்டு பேர், ஒரு காரில் ஒருத்தர். "திரும்பி வரும்போது கடைக்குப் போகணும்", "பஸ்ஸுல ஏர்கோன் பத்தாது", "என் சௌகரியத்துக்கு வரேன்". வழியில் துப்பா நீர்வீழ்ச்சியில் இறங்கிச் சாப்பாடு. பரிமாறியது யார்? தொண்டர்கள் நாங்கள்தான். எதில் பரிமாறினோம்? போலிஸ்டிரின் டப்பாவில், பிளாஸ்டிக் கரண்டியோடு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு. குப்பைத்தொட்டி நிரம்பியதும் பக்கத்திலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டு பஸ் ஏறினோம். "யாராவது எடுப்பாங்க" என்று. எடுத்தது குரங்கு. கிழித்து, இழுத்து, ஆற்றில் போட்டது.

குனோங் ஜெராயில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது? துப்பா வழியாக இறங்குவது மெர்போக் ஆற்றில் சேர்ந்து, பந்தாய் மெர்டேக்காவுக்கும் தஞ்சோங் டாவாய்க்கும் நடுவில் கடலுக்கு வருகிறது. அதாவது நம் வீட்டு வாசலுக்கு. மலையில் போட்டதும் நம் கரைக்குத்தான், ஆற்றில் விட்டதும் நம் கரைக்குத்தான். 2021 ஆகஸ்ட் 18-ல் ஜெராய் மலையிலிருந்து கெப்பாலா ஆயர் இறங்கி யான் பக்கம் உயிர்கள் போனதைப் பார்த்தோம். குப்பையால் வந்த வெள்ளம் என்று நாங்கள் சொல்லவில்லை, அது பெருமழை. மலை எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம் என்றுதான் சொல்கிறோம்.

யாத்திரை என்ற வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்தே போகிறார்கள், நானூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். இலங்கையில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடக்கிறார்கள். நம்மை யாரும் நடக்கச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்காரச் சொல்கிறோம், அவ்வளவுதான். தண்ணீர்மலைக்குத் தைப்பூசம் பார்க்கப் போகணுமா? சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ஏறினால் பட்டர்வொர்த். இறங்கினால் பெர்ரி. அக்கரையில் பினாங்கு. பார்க்கிங் தேடி ஒரு மணி நேரம் சுற்ற வேண்டாம். பத்துமலைக்கும் அப்படித்தான், சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில், அங்கிருந்து பத்துமலை வாசலுக்கே கொமுட்டர். நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் பத்துக் கார் வீட்டில் நிற்கும். பத்துக் காரின் பெட்ரோல் காசு அன்னதான உண்டியலுக்கு வந்தால் எத்தனை கிலோ அரிசி என்று நீங்களே கணக்குப் போடுங்க.

இனி, எங்களிடம் ஏற்கனவே வந்த மறுப்புகள்.

"சாமி காரியத்துல குப்பைப் பேச்சு எதுக்கு?" சாமி காரியத்துக்கு முன்னால் கால் கழுவுகிறோம், வாசல் தெளிக்கிறோம், கோலம் போடுகிறோம். சுத்தம் சாமி காரியத்தின் முதல் வேலை. அது கோயில் மதிலோடு முடிந்துவிடுமா?

"தொழிற்சாலைக்காரன் விடலையா? அவனைப் போய்க் கேளு." கேட்போம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாம் அழுக்குக் கையோடு போய்க் கேட்டால் அவன் சிரிப்பான். நம் மூட்டையை நாம் எடுத்த பிறகு கேட்டால் அந்தக் கேள்விக்குப் பலம் இருக்கும்.

"அதான் மக்கும் தட்டு வாங்கிட்டோமே." அந்த அட்டையைத் திருப்பிப் படிங்க. "மக்கும்" என்று அச்சிட்ட பல பொருட்கள் தானாக மக்காது. ஆலையில் ஐம்பது அறுபது டிகிரி சூட்டில் வைத்தால்தான் மக்கும். ஆற்றுச் சேற்றில் அதுவும் பிளாஸ்டிக் மாதிரியே கிடக்கும். பச்சைச் சாயம் பூசினால் வாழை இலை ஆகிவிடாது. வாழை இலை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது.

"எல்லாத்தையும் கொண்டுவந்து ஆலயத்துக்குப் பின்னால கொளுத்திடலாமே." கூடாது. திறந்தவெளியில் குப்பை கொளுத்துவது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். ஹோமம் வளர்க்கவும் சடங்குத் தீக்கும் விலக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவது ஹோமம் இல்லை. அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பின்வீட்டுக் குழந்தை.

"செலவாகும்." ஆகும். எவர்சில்வர் டம்ளர் இருநூறு வாங்கினால் ஒரு தடவை செலவு. போலிஸ்டிரின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செலவு. கழுவ ஆள் இல்லை என்பீர்கள். நாங்கள் இருக்கிறோம். நீங்கள் கையில் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே கவிழ்த்து வைத்தால் போதும்.

"ஊர் பார்த்தா சிரிக்கும், தூக்குச்சட்டி எடுத்துக்கிட்டுப் போறதா?" தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மஞ்சப்பை பிடித்தவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். 2019 ஜனவரி 1-லிருந்து அங்கே ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. சிரித்தவர்கள் இப்போது மஞ்சப்பை தேடுகிறார்கள். நம் பக்கத்துப் பினாங்கிலும் 2011-லிருந்து கடையில் பிளாஸ்டிக் பை இலவசம் கிடையாது. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், பிறகு கையில் பையோடு போகப் பழகிவிட்டார்கள். நம்மாலும் முடியும்.

ஆகவே, சொந்தங்களே, தொண்டர்கள் நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஆலய நிர்வாகத்திடமும் எழுதிக் கொடுத்துவிட்டோம். நிர்வாகத்தில் எல்லாரும் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். "கூட்டம் குறைஞ்சிடும்" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும்.

1. இனி போலிஸ்டிரின் டப்பாவில் பரிமாற மாட்டோம். உபயக்காரர் வாங்கி வந்து கொடுத்தாலும் பணிவோடு திருப்பிக் கொடுப்போம். கோபித்துக்கொள்ள வேண்டாம். இலை அல்லது தட்டு.

2. யாத்திரை பஸ் நிரம்பிய பிறகுதான் கார். வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் பஸ்ஸில் வாங்க. வழியெல்லாம் பஜனை பாடலாம், காரில் தனியாக வந்தால் ரேடியோதான்.

3. ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை வீட்டிலிருந்து. பஸ்ஸில் பெரிய தண்ணீர்த் தோம்பு இருக்கும், நிரப்பிக்கொள்ளலாம்.

4. நீர்வீழ்ச்சியோ கடற்கரையோ, கொண்டுபோன மூட்டை திரும்பி பஸ் ஏறும். தொட்டி இருந்தாலும் ஏறும். கடைசி மூட்டை ஏறாமல் பஸ் கிளம்பாது. ஓட்டுநரிடம் சொல்லிவைப்போம்.

5. அஸ்தியையும் பூவையும் கையால் கரையுங்க. பூவின் நாரையும் நூலையும் கழற்றிவிடுங்க. மண் சட்டி மண் சட்டியாகவே இருக்கட்டும். துணி, படம், போத்தல், பிளாஸ்டிக் எதுவும் தண்ணீரில் வேண்டாம்.

6. ஆடி அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணியிலிருந்து கரையில் கூடைகளோடு நிற்போம். நல்ல துணிக்கு ஒரு கூடை, அது துவைத்து, தேவைப்படும் குடும்பங்களுக்கு வஸ்திர தானமாகப் போகும். பழைய படங்களுக்கு ஒரு கூடை. பிளாஸ்டிக், போத்தலுக்கு ஒரு கூடை. நாங்கள் யார் கையையும் தட்டிவிட மாட்டோம், துக்கத்தில் வருபவர்களிடம் சண்டை போட மாட்டோம். கேட்போம், அவ்வளவுதான். கூடையில் போடுவதும் போடாததும் உங்கள் மனசு.

7. அமாவாசை முடிந்த மறுநாள் கரையைத் துப்புரவு செய்வோம். அந்தப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறோம். அவர் படகிலேயே வேர்ப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விசிறி பழுது பார்த்த செலவை எங்கள் கைக்காசிலிருந்து கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தோம். அது நாம் பட்ட கடன்.

2026 ஜனவரி முதல் சட்டமும் கடுமையாகிவிட்டது. பொது இடத்தில் குப்பை போட்டுப் பிடிபட்டால் அபராதத்தோடு, துடைப்பம் கொடுத்துச் சமுதாயச் சேவை செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். சட்டம் துடைப்பம் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? கோயிலில் துடைப்பம் பிடிப்பதற்கு உழவாரப் பணி என்று பேர். அப்பர் சாமி கையில் வைத்திருப்பது உழவாரப் படைதானே? நமக்கு அது புதுசு இல்லை. மறந்துபோனது.

கூட்டம் குறையும் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று. அந்தக் கரையில் நாம் காரியம் செய்வது யாரும் எழுதிக் கொடுத்த உரிமையில் இல்லை. அக்கம்பக்கத்துக் கம்பத்துக்காரர்கள் இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டதால் நடக்கிறது. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. நாளைக்கு "இங்கே வராதீங்க" என்று ஒரு பலகை வைத்தால், நம் பிள்ளைகள் நமக்கு எங்கே போய் எள்ளும் தண்ணியும் விடுவார்கள்? அதை யோசித்துப் பாருங்க.

அந்தச் சேலையை நம் மூத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று தடவை அலசினாராம், சேற்று வாடை போக. கொடியில் காய்ந்ததைப் பார்த்ததும் அம்மாவே வந்து நின்ற மாதிரி இருந்ததாம். தானமாகக் கொடுத்துவிடலாம் என்று மடித்து வைத்திருக்கிறார். இன்னும் மனசு வரவில்லை என்கிறார். வரும்போது கொடுக்கட்டும், அவசரம் இல்லை.

ஆடி அமாவாசைக்கு அவர் வருவார். எள்ளும் ஒரு செம்புத் தண்ணியும் மட்டும் கொண்டு வருவார். நீங்களும் அப்படியே வாங்க. நாங்கள் கரையில் இருப்போம்.

தாயே துணை.

ஆலயத் தொண்டர்கள்,
கோத்தா கோலா மூடா